சொந்தக் காசில் கப்பல் ஏறியவர்கள்

1934ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட இங்கிலாந்துப் பெண்கள் கிரிக்கெட் அணியில் இடம்பெற ஆட்டத்திறன் மட்டும் போதாது. கப்பல் கட்டணமான 80 பவுண்டை அவரவரே கட்ட வேண்டும். ஏறக்குறைய ஆறு மாதம் ஊரில் இல்லாமலிருக்க வேலையிடத்திலும் வீட்டிலும் சம்மதம் வாங்க வேண்டும். இவையெல்லாம் கூடிவந்த பதினைந்து பேர் அந்த அக்டோபரில் ‘கதே’ என்ற கப்பலில் ஏறினார்கள். பெண்கள் ஆடிய முதல் டெஸ்ட் போட்டி அந்தப் பயணத்தில்தான் நடந்தது.

இந்தச் சுற்றுப்பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சாதனைப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். முதல் சதம் யாருடையது, முதல் ஐந்து விக்கெட் யாருடையது என்பவை முக்கியம்தான். ஆனால் வரவு செலவின் பக்கம் திரும்பிப் பார்த்தால் வேறொரு சரித்திரம் தெரிகிறது. யார் பணம் போட்டார்கள், அதனால் யார் ஆட முடிந்தது, எத்தனை போட்டி ஆடுவது என்பதை யார் முடிவு செய்தார்கள்? தொண்ணூறு ஆண்டு கடந்தும் பெண்கள் டெஸ்ட் கிரிக்கெட்டின் தலையெழுத்து இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் பெண்கள் கிரிக்கெட் ஆடியதற்கு 1745லேயே பதிவு உண்டு. கில்ட்ஃபோர்டு அருகே பிராம்லி, ஹாம்பிள்டன் என்ற இரண்டு ஊர்ப் பெண்கள் மோதிய ஆட்டம் அது. 1890ல் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக ஆட வைக்கும் முயற்சி ஒன்றும் நடந்தது. ‘ஒரிஜினல் இங்கிலிஷ் லேடி கிரிக்கெட்டர்ஸ்’ என்ற பெயரில் இரண்டு அணிகள். வீராங்கனைகள் புனைபெயரில் ஆடினார்கள். கூட்டம் நன்றாகவே வந்தது. ஓரிரு ஆண்டுகளில் நிர்வாகி வசூலோடு மறைந்துவிட, அந்த ஏற்பாடு கலைந்தது என்பது கிரிக்கெட் சரித்திரத்தில் பதிவான செய்தி. பெண்கள் காசுக்கு ஆடினால் கேவலம் என்ற எண்ணம் அதற்குப் பிறகு இன்னும் கெட்டிப்பட்டது.

1926ல் ஹாக்கி ஆடும் பெண்கள் சிலர் ஹெரெஃபோர்ட்ஷயரின் கோல்வால் என்ற ஊரில் விடுமுறைக்குக் கூடி கிரிக்கெட் ஆடினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் பெண்கள் கிரிக்கெட் சங்கம். அதை நடத்தியவர்கள் ஆசிரியைகள், உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள், வசதியான குடும்பத்துப் பெண்கள். ஊர்வாய்க்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதில் அவர்கள் மிகக் கவனமாக இருந்தார்கள். முழந்தாளிட்டால் பாவாடையின் விளிம்பு தரையைத் தொட வேண்டும், கையில்லாத சட்டை கூடாது, கால் தெரியும் மெல்லிய காலுறை கூடாது என்றெல்லாம் விதி எழுதினார்கள். காசு வாங்கி ஆடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆண்களின் சங்கத்திடம் கையேந்தாமல் தங்கள் காலில் நிற்க வேண்டும் என்ற தன்மானம் அதில் இருந்தது. பணம் இல்லாதவளுக்குக் கதவு அடைபட்டதும் அதே கொள்கையால்தான்.

80 பவுண்டு என்றால் எவ்வளவு? அன்றைய இங்கிலாந்தில் ஆலையில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு வாரக் கூலி சுமார் முப்பது ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஏறக்குறைய ஓராண்டுக் கூலி. யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் நூற்பாலைப் பெண்கள் மாலை நேரங்களில் நன்றாகவே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கப்பலேறியது இங்கிலாந்தின் தலைசிறந்த பதினைந்து பேர் என்று சொல்லிவிட முடியாது. கட்டணமும் விடுப்பும் வாய்த்தவர்களில் சிறந்த பதினைந்து பேர் என்பதே சரி.

அணித்தலைவி பெட்டி ஆர்ச்டேல். அவருடைய தாயார் ஹெலன் பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய எம்மலின் பாங்கர்ஸ்ட் பெட்டிக்கு ஞானத்தாய். மட்டையாளராக ஆர்ச்டேல் இந்த அணியின் முதன்மையான பெயர் அல்ல. ஆனால் சட்டம் படித்தவர், மேடையில் பேசத் தெரிந்தவர். அன்றைய நிலைமைக்கு அது மிகத் தேவைப்பட்டது. ஏனென்றால் இரண்டே ஆண்டுக்கு முன்பு, 1932-33ல், ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து ஆண்கள் அணி ஆஸ்திரேலியாவில் ஆடிய ‘பாடிலைன்’ தொடரால் இரு நாட்டு உறவே கசந்து கிடந்தது. அந்த அணியின் லார்வுட் வீசிய பந்துகள் ஆஸ்திரேலிய மட்டையாளர்களின் உடம்பைக் குறிவைத்தன. அடிலெய்டில் வுட்ஃபுல் நெஞ்சில் அடி வாங்கினார், ஓல்ட்ஃபீல்டின் மண்டை உடைந்தது. இரண்டு கிரிக்கெட் வாரியங்களும் தந்தி மூலம் சண்டையிட்டன. அந்தப் புண் ஆறாத மண்ணில் அடுத்து வந்திறங்கிய இங்கிலாந்து தேசிய அணி இந்தப் பெண்களுடையது.

ஆஸ்திரேலியத் தரப்பில் பெண்கள் கிரிக்கெட் கவுன்சில் அமைந்து மூன்றே ஆண்டு ஆகியிருந்தது. வந்தவர்களுக்கான தங்கும் செலவை ஆஸ்திரேலியர்கள் ஏற்றார்கள். ஊருக்கு ஊர் ஆதரவாளர்களின் வீடுகளில் தங்க வைத்தார்கள். அணித்தலைவி மார்கரெட் பெடனும் அவருடைய தங்கை பார்பராவும் இந்த ஏற்பாட்டில் பெரும்பங்கு வகித்தார்கள். இவர்கள் சிட்னியில் சட்டப் பேராசிரியராகவும் அரசியல்வாதியாகவும் இருந்த சர் ஜான் பெடனின் மகள்கள். இங்கேயும் வசதியான வீட்டுப் பெண்கள்தான் முன்னே நின்றார்கள். ஆனால் ஆஸ்திரேலிய அணிக்குள் வேறு விதமான பெண்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் டெஸ்ட் 1934 டிசம்பர் 28ஆம் தேதி பிரிஸ்பேன் எக்ஸிபிஷன் மைதானத்தில் தொடங்கியது. ஆறு ஆண்டுக்கு முன் டான் பிராட்மன் தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடிய அதே மைதானம். குவீன்ஸ்லாந்தின் கோடை வெயில். இங்கிலாந்துப் பெண்கள் முழங்கால்வரை வரும், காலுக்குக் கால் பிரித்துத் தைத்த வெள்ளைப் பாவாடையும் நீண்ட வெள்ளைக் காலுறையும் அணிந்து இறங்கினார்கள். முதலில் மட்டை பிடித்த ஆஸ்திரேலியா 47 ரன்னுக்குச் சுருண்டது. அதில் 25 ரன் கேத் ஸ்மித் ஒருவருடையது. மிர்டில் மாக்லகன் என்ற ஆஃப் ஸ்பின்னர் 10 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். இவர் ராணுவக் குடும்பத்துப் பெண். பிறந்த ஊர் நம் நாட்டின் அம்பாலா.

மாக்லகன் அதோடு விடவில்லை. தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 72 ரன் அடித்தார். அவர் நிலைத்து நின்றதால்தான் இங்கிலாந்து 154ஐ எட்டியது, ஏனென்றால் மறுமுனையில் ஆன் பாமர் 18 ரன்னுக்கு 7 விக்கெட் சாய்த்துக்கொண்டிருந்தார். பெண்களின் முதல் டெஸ்ட்டிலேயே, முதல் இரண்டு இன்னிங்ஸிலேயே, இரு பக்கமும் ஆளுக்கு ஏழு விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் எஸ்ஸி ஷெவில் ஆட்டமிழக்காமல் 63 ரன் எடுத்தும் ஆஸ்திரேலியா 138ல் முடிந்தது. தேவைப்பட்ட 32 ரன்னை இங்கிலாந்து ஒரே விக்கெட்டை இழந்து எடுத்தது.

அடுத்த டெஸ்ட் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில், 1935 ஜனவரி முதல் வாரத்தில். மாக்லகனும் விக்கெட் கீப்பர் பெட்டி ஸ்னோபாலும் தொடக்க விக்கெட்டுக்கு 145 ரன் சேர்த்தார்கள். மாக்லகன் 119. பெண்கள் டெஸ்ட்டின் முதல் சதம் இதுதான். இங்கிலாந்து 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. மூன்றாவது டெஸ்ட் மெல்பர்னில். அங்கே ஆஸ்திரேலியா 8 விக்கெட் இழந்த நிலையில் தோல்வியிலிருந்து தப்பி டிரா செய்தது. சுமார் மூன்று வாரத்தில் ஓர் அணி எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 47 ரன்னில் சுருண்டவர்கள், மூன்றாவது போட்டியில் சமமாக நின்றார்கள். ஒரே ஒரு டெஸ்ட்டோடு தொடர் முடிந்திருந்தால் ஆஸ்திரேலியப் பெண்கள் கிரிக்கெட்டைப் பற்றி உலகத்துக்கு மிஞ்சியிருப்பது அந்த 47 மட்டுமே.

இங்கிலாந்து அணி அங்கிருந்து நியூசிலாந்து போனது. முந்தைய ஆண்டுதான் பெண்கள் கிரிக்கெட்டுக்கென்று தேசியக் கவுன்சில் அமைத்த நாடு அது. கிறைஸ்ட்சர்ச் லங்காஸ்டர் பார்க்கில் பிப்ரவரி 16ஆம் தேதி தொடங்கிய டெஸ்ட்டில் நியூசிலாந்து 44 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. அதே நாளில் இங்கிலாந்து 4 விக்கெட் இழப்புக்கு 431 ரன் குவித்தது. ஸ்னோபால் 222 நிமிடத்தில் 189, மோலி ஹைடு 110. 503ல் டிக்ளேர் செய்து, இன்னிங்ஸ் மற்றும் 337 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ஸ்னோபாலின் 189ஐ அடுத்த ஐம்பத்தோரு ஆண்டுகள் எந்தப் பெண்ணும் தாண்டவில்லை. 1986ல் இங்கிலாந்தின் வூஸ்டரில் 190 ரன் அடித்துத் தாண்டியவர் இந்தியாவின் சந்தியா அகர்வால்.

இந்தப் போட்டிகளை டெஸ்ட் என்று அங்கீகரிக்க அன்று சர்வதேச அமைப்பு எதுவும் இல்லை. சர்வதேசப் பெண்கள் கிரிக்கெட் கவுன்சில் 1958ல்தான் உருவானது. நாங்கள் ஆடுவது டெஸ்ட், மூன்று ஆடுவோம், சிட்னியிலும் மெல்பர்னிலும் பெரிய மைதானத்திலேயே ஆடுவோம் என்று முடிவு செய்தவர்கள் ஆடிய பெண்களும் அவர்களுடைய சங்கங்களும்தான். இந்தப் பயணத்தின் ஆகப் பெரிய சாதனை என்று நான் நினைப்பது மாக்லகனின் சதத்தையோ ஸ்னோபாலின் 189ஐயோ அல்ல, இந்த முடிவைத்தான். அவர்கள் யாரிடமும் பணம் வாங்கவில்லை, ஆகவே யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இதன் மறுபக்கத்தைப் பார்க்காமல் பாராட்டுவது நியாயமாகாது. அங்கேதான் பெகி அன்டோனியோ வருகிறார். மெல்பர்ன் துறைமுகப் பகுதியில் வளர்ந்தவர். தகப்பனைக் குழந்தையிலேயே இழந்தவர். ஆலையில் வேலை. முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 17. லெக் ஸ்பின்னும் கூக்ளியும் கலந்து வீசியதால், ஆஸ்திரேலிய ஆண்கள் அணியின் லெக் ஸ்பின்னர் கிரிமெட்டை நினைத்து, ‘பெண் கிரிமெட்’ என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. 1937ல் ஆஸ்திரேலியா பதில் பயணமாக இங்கிலாந்து போனபோது ஆளுக்கு 75 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. அன்டோனியோவிடம் அது இல்லை. வசதியுள்ள ஒருவர் அந்தத் தொகையைக் கொடுத்ததால்தான் அவர் கப்பலேற முடிந்தது. அவர் போனார், ஆஸ்திரேலியாவும் நார்தாம்ப்டனில் தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டது. அந்த வெற்றியின் நடுநாயகம் அன்டோனியோவின் சுழற்பந்து.

அந்தப் பயணத்துக்கு எழுதப்பட்ட ஒழுக்க விதிகளையும் சொல்ல வேண்டும். மது, புகை, சூதாட்டம் கூடாது. கணவனோ உறவினரோ தோழியோ உடன் வரக் கூடாது. கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்தளத்துக்குப் போகக் கூடாது. பத்து மணிக்குப் படுத்துவிட வேண்டும். காசு கொடுத்து வருகிற பெண்ணுக்கே இத்தனை கட்டுப்பாடு! ஊர்ப் பேச்சுக்குப் பயந்து சங்கமே போட்ட வேலி அது. அன்டோனியோ அந்தப் பயணத்தோடு கிரிக்கெட்டை விட்டுவிட்டார். இருபது, இருபத்தொரு வயது. ஒரு சுழற்பந்து வீச்சாளருக்கு அது தொடக்க வயது. அவரைப் போல் 75 பவுண்டு கொடுக்க ஆள் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேரோ. அவர்களின் பெயர் எந்த ஸ்கோர் அட்டையிலும் இல்லை.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி போருக்குப் பிறகும் தீரவில்லை. 1973ல் முதல் பெண்கள் உலகக் கோப்பை நடந்தது ஜாக் ஹேவர்டு என்ற தொழிலதிபர் 40,000 பவுண்டு கொடுத்ததால். ஆண்களின் உலகக் கோப்பைக்கு இரண்டு ஆண்டு முந்திய போட்டி அது. அதே ஆண்டில்தான் லக்னோவில் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் பதிவானது. மூன்று ஆண்டு கழித்து, 1976 இலையுதிர்காலத்தில், மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியா வந்து ஆறு டெஸ்ட் ஆடியது. இந்தியப் பெண்களின் முதல் டெஸ்ட் தொடர் அது. முதல் போட்டி பெங்களூரில், இரண்டாவது சென்னையில். இந்தியாவின் தலைவி சென்னையில் பிறந்து கர்நாடகத்துக்கு ஆடிய சாந்தா ரங்கசாமி. தமிழ்நாட்டின் சுதா ஷா அந்தத் தொடரில் தொடங்கி 21 டெஸ்ட் ஆடினார். பாட்னாவில் இந்தியா வென்றது, ஜம்முவில் மேற்கிந்தியத் தீவுகள் வென்றது, தொடர் சமனானது. அந்தக் காலத்து வீராங்கனைகள் முன்பதிவில்லாத ரயில் பெட்டிகளில் பயணம் செய்ததையும், மட்டையையும் கால்காப்பையும் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டதையும் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். கையில் காசில்லை. ஆனால் ஆறு டெஸ்ட். அதே 1976 ஆகஸ்டில்தான் லார்ட்ஸ் மைதானம் முதன்முறையாகப் பெண்களின் சர்வதேசப் போட்டிக்குத் திறந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். சங்கம் தொடங்கி ஐம்பது ஆண்டு காத்திருந்து இங்கிலாந்துப் பெண்கள் பெற்ற முதன்மையான மைதானத்தில் ஆடும் வாய்ப்பை, ஆஸ்திரேலியரும் இந்தியரும் முதல் தொடரிலேயே பெற்றிருந்தார்கள்.

2006ல் பெண்கள் கிரிக்கெட் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு வசதிகள் கூடின, மறுக்க முடியாது. 2022 அக்டோபரில் ஆண்களுக்கு இணையான போட்டிக் கட்டணம் அறிவிக்கப்பட்டது. ஒரு டெஸ்ட்டுக்கு 15 லட்சம் ரூபாய். ரயில் பெட்டியில் தரையில் உட்கார்ந்து போனவர்களின் வழிவந்தவர்களுக்கு இது கிடைத்தது பெரிய நியாயம். ஆனால் அந்தக் கட்டணம் வாங்க டெஸ்ட் நடக்க வேண்டும் அல்லவா?

சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினியை எடுத்துக்கொள்வோம். 2013 உலகக் கோப்பையில் சதமடித்து, அந்தக் கோப்பையில் சதம் கண்ட முதல் இந்தியப் பெண் ஆனவர். 2014 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வார்ம்ஸ்லியில் முதல் டெஸ்ட் ஆடினார். எட்டுப் பேர் புதுமுகங்களாக இறங்கிய அந்தப் போட்டியில் இந்தியா வென்றது, சென்னையின் நிரஞ்சனா நாகராஜன் முதல் இன்னிங்ஸில் நான்கு விக்கெட் எடுத்தார். அந்த நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக காமினி 192 ரன் குவித்தார். ஸ்னோபாலின் 189ஐயும் சந்தியாவின் 190ஐயும் தாண்டிய ஆட்டம். அதற்குப் பிறகு இந்தியப் பெண்கள் அணி அடுத்த டெஸ்ட் ஆடியது 2021 ஜூனில், பிரிஸ்டலில். இடையில் ஆறரை ஆண்டுக்கு மேல் ஒரு டெஸ்ட் கூட இல்லை. காமினியின் டெஸ்ட் வாழ்க்கை 192 ரன் அடித்த போட்டியோடு முடிந்தது. யாரும் அவரை அணியிலிருந்து நீக்கியதால் நின்ற வாழ்க்கை அல்ல இது, டெஸ்ட்டே நடக்காததால் நின்றது. அன்டோனியோவுக்கு 75 பவுண்டு தடையாக நின்றது. காமினியின் வழியில் நின்றது அட்டவணை.

டெஸ்ட் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சேப்பாக்கம் காட்டியது. 2024 ஜூன் 28ஆம் தேதி தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஷஃபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தனாவும் தொடக்க விக்கெட்டுக்கு 292 ரன் சேர்த்தார்கள். ஷஃபாலி 205, மந்தனா 149. அன்று ஒரே நாளில் இந்தியா 525 ரன். 1935ல் கிறைஸ்ட்சர்ச்சில் அந்தச் சொந்தக் காசுப் பெண்கள் ஒரு நாளில் அடித்த 431, எண்பத்தொன்பது ஆண்டு கழித்துச் சென்னையில் கடக்கப்பட்டது. இந்தியா 603ல் டிக்ளேர் செய்தது. ஸ்நேஹ் ராணா 77 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார். ஃபாலோ ஆன் ஆன தென்னாப்பிரிக்கா இரண்டாவது இன்னிங்ஸில் 373 எடுத்துப் போராடியது, லாரா வோல்வார்ட்டும் சுனே லூசும் சதமடித்தார்கள். முதல் இன்னிங்ஸில் அடி வாங்கியவர்கள் அடுத்த இன்னிங்ஸில் எழுந்து நின்ற அழகு அது. ஆஸ்திரேலியப் பெண்களுக்கு 1935ல் அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட் இருந்தன. தென்னாப்பிரிக்காவுக்கு அந்தத் தொடரில் அடுத்த டெஸ்ட் இல்லை. ஒரு டெஸ்ட், மூன்று ஒருநாள், மூன்று டி20 என்பதுதான் பயணத் திட்டம்.

ஆண்கள் 1877லிருந்து இதுவரை 2,500க்கும் மேற்பட்ட டெஸ்ட் ஆடியிருக்கிறார்கள். பெண்கள் 1934லிருந்து ஆடியது சுமார் 150. கூட்டம் வராது, ஒளிபரப்பாளர் விரும்பமாட்டார், நான்கு நாள் இழுக்கும் என்று காரணம் சொல்கிறார்கள். டி20யால்தான் பெண்கள் கிரிக்கெட் வளர்ந்தது, சம்பளம் வந்தது என்பதும் பொய்யில்லை. ஆயினும் பிரிஸ்பேனின் 47லிருந்து மெல்பர்ன் டிராவரை ஓர் அணி வளர்ந்ததைப் பார்த்த பிறகு, தொடர்ந்து ஆடாமல் டெஸ்ட் எப்படி வளரும் என்ற கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியவில்லை. ஒற்றை டெஸ்ட்டில் தோற்றவள் கற்றதைக் காட்ட இடமில்லை, வென்றவள் நிரூபிக்கவும் இடமில்லை.

பழையபடி சொந்தக் காசில் கப்பலேறச் சொல்ல யாருக்கும் மனம் வராது. அந்த முறை ஆலைப் பெண்ணை வெளியே நிறுத்தியது. ஆனால் அன்று பணம் போட்டவர்களும் ஆடியவர்களும் ஒருவரே என்பதால் ஆட்டக்காரரின் விருப்பம் அட்டவணையில் இருந்தது. இன்று பணம் வாரியத்திடமும் ஒளிபரப்பாளரிடமும் இருக்கிறது, அட்டவணையும் அவர்களிடமே இருக்கிறது. டெஸ்ட் ஆட ஆசை என்று ஏறக்குறைய எல்லா முன்னணி வீராங்கனைகளும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் குரல் அட்டவணை போடும் அறைக்குள் போகவில்லை.

2025 ஜனவரி இறுதியில், முதல் பெண்கள் டெஸ்ட் தொடரின் தொண்ணூறாம் ஆண்டை ஒட்டி, ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மெல்பர்னில் பகலிரவு டெஸ்ட் ஆடின. இரண்டு அணியிலும் எல்லாரும் சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. சொந்தக் காசில் கட்டணம் கட்டி வந்த அணிக்கு அந்த மண்ணில் மூன்று டெஸ்ட் இருந்தன, தொண்ணூறாம் ஆண்டு விழாவுக்கு ஒன்றுதான். குறைந்தது மூன்று டெஸ்ட் இல்லாத பெண்கள் சுற்றுப்பயணத்தை முழுத் தொடர் என்று அழைப்பதை வாரியங்கள் நிறுத்த வேண்டும். இந்திய வாரியம் அதைத் தொடங்கி வைக்கலாம். அதற்கான பணமும் மைதானமும் ஆட்டக்காரர்களும் அதனிடம் இருக்கிறார்கள்.